பதினாறு பக்கம் மாறிப்போன இதழ்

‘நடைமேடை’ காலாண்டிதழின் ஆசிரியர் ஜாபர், வாழ்நாளில் முதல் தடவையாக, யாராவது தன்னைத் திட்ட மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். புது இதழில் முப்பத்திரண்டாம் பக்கத்துக்கு அப்புறம் வரவேண்டிய பதினாறு பக்கங்களை பைண்டிங்கில் மாற்றிவிட்டார்கள். அதே அச்சகத்தில் அச்சான ஏதோ ஓர் அடுக்குமாடிச் சங்கத்தின் விதிமுறைகள் அங்கே போய் உட்கார்ந்துகொண்டன. அனந்தகிருஷ்ணன் எழுதிய நெடுங்கதையில், கல்யாணத்துக்கு முதல் நாள் பெட்டியோடு வீட்டை விட்டுக் கிளம்பிய பெண், பஸ் படியில் ஒரு காலை வைக்கிறாள். பக்கத்தைத் திருப்பினால், லிஃப்டில் நாயை அழைத்து வருவோர் அதைக் கையில் தூக்கிக்கொள்ள வேண்டும் என்றிருக்கிறது. முந்நூறு பிரதியும் தபாலில் போன பிறகுதான் ஜாபர் பார்த்தார். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அவர் மனைவி ஹஃபீசா பதறவே இல்லை. ஒருத்தரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்றாள். படிக்க ஆளில்லாத பத்திரிகைக்குக் காகிதம் எதற்கு, பேசாமல் செல்போனில் போட்டுவிட்டால், பழைய இதழ்க் கட்டுகள் அடைத்துக் கிடக்கும் ஹாலில் பாதியாவது மிஞ்சும் என்று அவள் இரண்டு வருஷமாகச் சொல்லிவருகிறாள். ஜாபருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பதினைந்து நாளைக்குள் ஒரே ஒரு வாசகர் குறை சொன்னால் அச்சு தொடரும், இல்லாவிட்டால் இதுவே கடைசி இதழ் என்று வாயை விட்டுவிட்டார். இருபத்தோரு வருஷப் பத்திரிகை! மனுஷனுக்குச் சும்மா இருக்கத் தெரிந்தால்தானே.

போன் வராமலில்லை. வந்ததெல்லாம் பாராட்டு. நண்பர் அக்தர், இதழ் கனமாக இருக்கிறது என்றார்; கையில் தூக்கிப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. கதை எழுதிய அனந்தகிருஷ்ணனே அட்டையைப் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போட்டு, ஆசிரியருக்கு நெஞ்சார்ந்த நன்றி என்று எழுதியிருந்தார். காட்டாங்குளத்தூரில் பாடம் நடத்தும் பேராசிரியர் ராஜகோபால் இருபது நிமிஷம் பேசினார்.

“பஸ் படியில கால வெச்சவளை அப்படியே விட்டுட்டு லிஃப்ட் ரூல்ஸுக்குப் போறார் பாருங்க, அங்கதான் சார் கதை நிமிருது.”

ஜாபருக்கு அழுகையே வந்துவிட்டது.

பதினான்காம் நாள் காலை அபிதகுஜாம்பாள் மாமி வந்தார். ராஜகீழ்ப்பாக்கத்தில் அடுத்த தெரு ஸ்ரீநிவாசராகவனின் மனைவி. சந்தா கட்டியவர் கணவர்தான். ஆனால் உறையைக்கூடப் பிரிக்க மாட்டார். பிரித்துப் படிப்பதெல்லாம் மாமி.

“ஏன் சார், வயசுப் பொண்ணை நடுரோட்டுல நிறுத்திட்டு லிஃப்டு, தண்ணி மோட்டாருன்னு போட்டிருக்கேளே, இது உங்களுக்கே நன்னாயிருக்கா? நாலு நாளா நேக்குத் தூக்கமில்லை. அவ பஸ்ல ஏறினாளா, இல்லையா?”

ஜாபர் மாமியைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. வந்து கேள் என்று ஹஃபீசாவுக்கு உள்ளே குரல் கொடுத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார், ஃபேனைச் சுழலவிட்டார். மாமி உட்காரவில்லை. ஏறினாளா, அதை முதலில் சொல்லுங்கோ என்றார்.

அனந்தகிருஷ்ணன் கதை என்றால் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்பிவிடுவது ஜாபரின் வழக்கம். அந்தப் பெண் ஏறினாளோ இறங்கினாளோ, அவருக்கு எப்படித் தெரியும்? வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஈரக்கையைத் துடைத்தபடி வந்த ஹஃபீசாதான் பதில் சொன்னாள். முதல் இதழிலிருந்து பிழை திருத்துவது அவள்.

“ஏறிட்டா மாமி. ஆனா கேம்ப் ரோடு ஸ்டாப்பிங் வர்றதுக்குள்ள எறங்கிட்டா. பெட்டிதான் பஸ்ஸோட போயிடுச்சு.”

“பெட்டி போனாப் போறது,” என்று மாமி பெருமூச்சு விட்டு, அப்போதுதான் உட்கார்ந்தார். இறங்கியது சரியா தப்பா என்று இருவரும் அரை மணி நேரம் வாதாடினார்கள். ஜாபரை யாரும் சட்டை செய்யவில்லை.

மாமி போன பிறகு, அப்படியானால் அச்சு தொடரலாம்தானே என்று ஜாபர் மெல்லக் கேட்டார்.

“தாராளமா,” என்றாள் ஹஃபீசா. “அடுத்த இதழ்ல ஆசிரியர்னு என் பேரைப் போட்டுடுங்க. நீங்க ஸ்டாம்ப் ஒட்டுங்க.”

ஜாபர் யோசித்துப் பார்த்துவிட்டு, பசை டப்பா எங்கே இருக்கிறது என்று கேட்டார்.