சிரிக்காத முகம்

சட்டையின் மூன்றாவது பொத்தானோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வாசலில் மனைவி பொறுமையிழந்து நின்றாள்.

“போட்டு விடுன்னு ஒரு வார்த்தை கேட்டா வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமும் இல்லை, கூச்சமும் இல்லை. அந்த ஒன்றுமில்லாமைதான் அவளை எரித்தது.

அவர் வேலை பார்த்த செருப்புக் கடையில் முன்பெல்லாம் அவருக்கு ‘சிரிப்புக்காரர்’ என்றே பெயர். வாடிக்கையாளர் காலடியில் அவர் மண்டியிட்டுப் போட்டுவிட்டால் கடிக்கிற செருப்பையும் வாங்கிப் போவார்கள். சில வருஷங்களாக அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பூட்டிக்கொண்டது. “வர்றவங்களை எழவு வீட்டுல நிக்கிற மாதிரி பாக்கிறியேப்பா” என்று முதலாளி அவரைக் கிடங்குக்கு அனுப்பினார். மகள் கல்யாணத்தில் மரம் மாதிரி நின்றார். தன் கல்யாணம் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று அழுதுகொண்டே போனவள், அதற்குப்பின் அம்மாவிடம் மட்டும்தான் பேசினாள். மனைவிக்கோ, இவருக்கு நான் அலுத்துவிட்டேன் என்ற எண்ணம். மகளின் அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அது ஒன்றே அவளுக்குச் சாட்சியாகப் போதுமாயிருந்தது.

போன வாரம் கிடங்கில் மல்லாக்க விழுந்தார். அதனால்தான் இந்த ஆஸ்பத்திரிப் பயணம்.

டாக்டரம்மா அவர் நெற்றியில் விரலால் தட்டினாள். தட்டும்போதெல்லாம் இமை கொட்டியது, நிற்கவேயில்லை. மணிக்கட்டைப் பிடித்து மடக்கினாள். கை வழுக்கி வராமல் விட்டு விட்டு வந்தது. பின்னால் நின்று தோளை லேசாக இழுத்தாள். அவர் அப்படியே அவள் கைகளில் சாய்ந்தார். பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டரிடம் அடுக்கினாள்: “மாஸ்க்டு ஃபேஸ். காக்வீல் ரிஜிடிட்டி. வாய்ஸும் ரொம்ப லோ.”

“எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்கம்மா” என்றாள் மனைவி.

“இது பார்க்கின்சன் நோய். முகத்துல இருக்கற தசை அசையாதும்மா. உள்ள சிரிச்சாலும் வெளிய வராது. பல்சக்கரம் சிக்கிச் சிக்கிச் சுத்தற மாதிரி கை விறைச்சிருக்கு. குரலும் எழும்பாது. எவ்வளவு நாளா இப்படி?”

அவளுக்கு நாள் தெரியவில்லை. சண்டைகள்தான் ஞாபகம் வந்தன; அவற்றையே சொன்னாள். ஒவ்வொரு சண்டைக்கும் டாக்டர் ஒரு பெயர் வைத்திருந்தாள்.

“சீக்கிரமே கூட்டிட்டு வந்திருந்தா குணமாகியிருக்குமா?”

“முழுசா குணமாக்க மருந்து இல்லை. கொஞ்சம் சுலபமாக்கலாம்.” டாக்டரம்மா தயங்கினாள். “ஆனா இத்தனை வருஷம் அவரைக் கல்லுன்னு நினைச்சிருக்க மாட்டீங்க.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டாள். சொல்லி முடிப்பதற்குள் மகள் விம்மினாள். “அப்பாகிட்ட குடும்மா.”

போனை அவர் காதில் வைத்தாள். அவர் உதடு அசைந்தது. பக்கத்தில் இருந்த அவளுக்கே மூச்சு மாதிரிதான் கேட்டது: “நல்லா இருக்கியாடா, கண்ணு?”

போனை வாங்கியபோது மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். “அப்பா பேசவே இல்லையேம்மா… இன்னும் கோபமா?”

“பேசினாருடி. நமக்குத்தான் கேக்கலை. நல்லா இருந்த மனுஷன் மாறிப் போனா, உடம்புக்கு என்னன்னு முதல்ல கேக்கணும். நாம கேக்காமலே தண்டனை குடுத்துட்டோம். இதை இனி எதைக் குடுத்தும் திருப்பி எடுக்க முடியாது.”

திரும்பிப் பார்த்தாள். அவர் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முகம் மட்டும் யாருக்கோ நேர்ந்ததைப் பார்ப்பதுபோல அசையாமலே இருந்தது.