மஞ்சள் நோட்டீசுக்கு ஒரு மறுப்பு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது என் கற்பனையில் பிறந்த கதை இல்லை. என் கற்பனை ஒரு குடும்பத்துக்குச் செய்த காரியத்தில் பிறந்தது.

எழுபதுகளில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, திருவிழா அழைப்பு, கருமாதிக் கடிதம் எல்லாம் என் கையால் போகும். அவற்றோடு, குஸ்திச் சண்டைகளுக்குத் தமிழ் நோட்டீசு எழுதுவதும் என் வேலைதான். ஆச்சரியக்குறி போடுவதில் என்னை மிஞ்ச பினாங்கிலிருந்து ஜொகூர் வரை ஆள் கிடையாது. அந்த ஓர் எழுத்து மட்டும் சீக்கிரம் தேய்ந்துபோகிறது என்று முதலாளி புலம்புவார்.

[பெயர்களை மாற்றியிருக்கிறேன். மாற்றி என்ன பயன்? சம்பந்தப்பட்டவர்கள் இரண்டு வரியில் கண்டுகொள்வார்கள்.]

கதையை இப்படித் தொடங்கினேன்: "அன்று கிள்ளானில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. வேலாயுதம் தன் இரும்புக் கைகளை உயர்த்தி…"

வேண்டாம். அன்று மழையே இல்லை. இரும்புக் கை என்பதெல்லாம் நோட்டீசுத் தமிழ். இன்று ஞாயிறு பதிப்புகளில் சிறுகதை எழுதுகிறவன் என்று பெயர் வாங்கிவிட்டேன். ஆனாலும் தொட்டில் பழக்கம் போகிறதா பாருங்கள்.

2

வேலாயுதம் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வீடு பண்டமாரானில். சனிக்கிழமையானால் உடம்பில் கரி பூசிக்கொண்டு 'அந்தமான் அரக்கன்' ஆகிவிடுவார். அந்தமான் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. கூட்டம் அவரை வாயார ஏசிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகவேண்டும். அதற்காகத்தான் அவர்.

அவருடைய எதிரி 'கிள்ளான் சிங்கம்' ரெங்கசாமி. ஜெஞ்சாரோம் பக்கம் எண்ணெய் ஆட்டும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர், வேலாயுதத்துக்குப் பத்து வயது இளையவர். ரிங்கில் அவரைப் பார்த்து மயங்கித்தான் புஷ்பவல்லி வீட்டை எதிர்த்துக்கொண்டு வந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

யார் ஜெயிப்பது என்பது மத்தியானத் தேநீரோடு முடிவாகிவிடும். குஸ்தி நடத்திய கனகலிங்கம், ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். "இண்டைக்குச் சிங்கம். பதினைஞ்சாவது நிமிசம்" என்பார். அவ்வளவுதான். நெற்றி ரத்தம் அசல். மணிக்கட்டுப் பிளாஸ்தரில் ஒளித்த பிளேடுத் துண்டால் அவரவரே கீறிக்கொள்வது. ஆளைத் தலைக்குமேல் தூக்கி அடிப்பதில் பாதிதான் தூக்குகிறவன் பலம். தூக்கப்படுகிறவன் சரியான நேரத்தில் துள்ளிக்கொடுக்க வேண்டும். கீழே வரும்போது அவன் தலையையும் முதுகையும் காப்பாற்ற வேண்டியவன் தூக்கியவன். காதில் பேச முடியாத நேரத்தில், மணிக்கட்டை இரண்டு முறை அழுத்தினால் 'போதும், முடி' என்று அர்த்தம். ஏழு வருடம் ரெங்கசாமியின் முதுகு வேலாயுதத்தின் கையில் பத்திரமாக இருந்தது.

இதை வெளியே மூச்சு விடக்கூடாது. கட்டிய பெண்டாட்டியிடமும் சொல்லக்கூடாது. அரக்கனும் சிங்கமும் ஒரே காரில் ஏறக்கூடாது, ஒரே கடையில் சாப்பிடக்கூடாது.*

* அவர்கள் சேர்ந்து சாப்பிட்ட ஒரே இடம் எங்கள் அச்சகத்தின் காகிதக் கிடங்கு. பொட்டலத்தைப் பிரித்து வைத்து, ஒருவர் மீனை மற்றவர் பிடுங்கித் தின்பார்கள். கதவைச் சாத்திவிட்டு வெளியே காவல் நின்றவன் நான். ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

3

1977 ஆகஸ்ட். கிள்ளானில் ஒரு திடல். ரெங்கசாமி அதற்கு முந்தின இரண்டு நாளும் சரியாகத் தூங்காமல் லோரி ஓட்டியிருந்தார். அவர் கால் தடுமாறுவதை வேலாயுதம் கவனித்துவிட்டார். கழுத்தை நெரிக்கிற சாக்கில் காதோடு சொன்னார்: "இன்னிக்கு அந்தத் தூக்கு வேணாம் ரெங்கா."

"ஜனம் அதுக்குத்தாண்ணே வந்திருக்கு. தூக்குங்க."

தூக்கினார். ரெங்கசாமி அரை மூச்சு தாமதமாகத் துள்ளினார். முழுப் பாரமும் ஒரே தோளில் இறங்க, வேலாயுதம் தன் உடம்பை அடியில் கொடுக்கத் திரும்ப முயன்றார். முடியவில்லை. ரிங்கின் விளிம்புச் சட்டத்தில் ரெங்கசாமியின் முதுகு விழுந்தது. அந்தச் சத்தம் வேலாயுதத்துக்கு மட்டும்தான் கேட்டது.

அவர் மேலே கவிழ்ந்து முகத்தோடு முகம் வைத்து, "கால அசைடா, ரெங்கா, கால அசை" என்று கெஞ்சினார். விழுந்தவன்மேல் ஏறிப் படுத்து இன்னும் அடிக்கிறான் என்று கூட்டத்துக்குத் தோன்றியது. யாரோ பாட்டில் எறிந்தார்கள்.

முன்வரிசையில் இருந்த புஷ்பவல்லி என்ன நினைத்தார்? ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களிடம், "வெளையாட்டுல பட்ட அடி, யார என்னா சொல்றது" என்றுதான் சொன்னார். இந்த வாக்கியத்தை இரண்டு பேர் எனக்கு உறுதிப்படுத்தினார்கள். முதலில் அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை.

4

[இந்தப் பகுதியை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு முறையும் நான் கொஞ்சம் நல்லவனாகிக்கொண்டு போனேன்.]

திங்கட்கிழமை கனகலிங்கம் அச்சகத்துக்கு வந்தார். "தம்பி, தவறி விழுந்தான் எண்டு போட்டா ஆர் வரப்போகினம்? வேணுமெண்டு முறிச்சான் எண்டு எழுது" என்றார்.

பத்து நிமிடத்தில் எழுதிக்கொடுத்தேன்:

"முதுகை முறிப்பேன் என்று சபதம் செய்தான்! முறித்தான்! சிங்கம் இனி எழாது! அரக்கனின் அடுத்த பலி யார்?"

சபதம் என்ற சொல்லைக் கனகலிங்கம் கேட்கவில்லை. அது நானாகச் சேர்த்தது. வாக்கியம் அப்போதுதான் நிமிர்ந்து நின்றது. எனக்குப் பெருமையாக இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

மஞ்சள் தாளில் மூவாயிரம் அடித்தோம். மிஞ்சியதில் ஒன்று, ஆஸ்பத்திரி வாசலில் கச்சாங் பூத்தே விற்றவர் சுருட்டிக் கொடுத்த கூம்பாகப் புஷ்பவல்லி கைக்குப் போனது. கடலையைக் கொட்டிவிட்டு அவர் அதை விரித்துப் படித்தார்.

5

இடுப்புக்குக் கீழே ரெங்கசாமிக்கு உயிர் இல்லை. புஷ்பவல்லி பிஸ்கட் ஃபேக்டரிக்குப் போக ஆரம்பித்தார். செவ்வாய்க்கிழமைகளில், அவர் போனதும் வேலாயுதம் பின்கதவு வழியாக வருவார். முதுகுப் புண்ணைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, முகம் மழித்துவிடுவார். பழைய சண்டைகளைப் பேசி இருவரும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். ஏழு வருடம் இப்படி நடந்தது.

"சொல்லிடுடா அவகிட்ட" என்று வேலாயுதம் கேட்காத வாரம் இல்லை. "நான் வேணும்னு செய்யலன்னு ஒரு வார்த்த சொல்லு."

"அத மட்டும் எப்படிண்ணே சொல்றது? நம்ம கூட்டாளிங்கன்னா, அப்ப நான் ஜெயிச்சது என்னான்னு கேப்பா. கால் போச்சு, வேலை போச்சு. எம்புருசன் தோக்காத ஆளுன்னு அவ அண்ணன்மாருங்ககிட்ட சொல்லிக்கிறா. அவகிட்ட மிச்சம் அது ஒண்ணுதான். எடுத்துறாதீங்கண்ணே."

1984இல் ஒரு செவ்வாய்க்கிழமை ஃபேக்டரியில் இயந்திரம் பழுதாகி, புஷ்பவல்லி பதினோரு மணிக்கே வீடு திரும்பினார். கதவைத் திறந்தால், கணவனின் தொண்டையில் சவரக்கத்தி. கத்தியைப் பிடித்திருந்தவன் அந்தமான் அரக்கன்.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல தருணம் இனி வராது என்று வேலாயுதத்துக்குத் தெரிந்தது. "புஷ்பா, நான்…" என்று வாயெடுத்தார். அதற்குள் ரெங்கசாமியின் கை அவர் மணிக்கட்டை இரண்டு முறை அழுத்தியது.

"என்னையக் கொல்ல வந்திருக்கான் புஷ்பா!" ரெங்கசாமி அலறினார்.

வேலாயுதம் அவர் கண்ணைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, ரிங்கில் சிரிக்கிற அந்தச் சிரிப்பைச் சிரித்தார். "தப்பிச்சிட்ட! அடுத்த தடவ கழுத்து!" என்று கத்தியைப் போட்டுவிட்டு வெளியேறினார். புஷ்பவல்லி விளக்குமாற்றால் அவர் முதுகில் அடித்துக்கொண்டே தெருவரை வந்தார். வேலாயுதம் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

பிறகு அவர் அங்கே போகவில்லை. இரண்டு வருடம் கழித்து ரெங்கசாமி இறந்தார். சவ ஊர்தி போனபோது வேலாயுதம் எதிர்ச்சாரி பஸ் நிறுத்தத்தில், பஸ்ஸுக்கு நிற்கிறவரைப் போல நின்றார்.

6

போன வருடக் கடைசியில் வேலாயுதத்துக்கு வாதம் அடித்து வலது கை விழுந்துவிட்டது. ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"நீதானே தம்பி எழுதுன? நீயே போய்ச் சொல்லு. ரெங்காவும் போயிட்டான், இனிமே யாருக்காக மறைக்கணும்? அவ எங்கிட்ட மன்னிப்பு கேக்க வேணாம். வேணும்னு செய்யலன்னு தெரிஞ்சாப் போதும். நான் போய்ச் சேந்துருவேன்."

இந்த இடத்தில் கதைக்கு ஒரு முடிவு தயாராக இருந்தது: புஷ்பவல்லிக்கு எல்லாம் முன்பே தெரியும். கணவனுக்காகத் தெரியாதவர் போல இருந்தார். அழகான முடிவு. உங்களுக்குப் பிடிக்கும், எனக்கும் பிடித்தது. இரண்டு பக்கம் எழுதிவிட்டுத்தான் கிள்ளானுக்குப் பஸ் ஏறினேன்.

அவருக்கு எதுவும் தெரியாது.

பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை செய்கிறார். கிள்ளான் சிங்கத்தைப் பற்றி எழுத வந்தேன் என்றதும் முகம் மலர்ந்து, எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். நோட்டீசு எழுதியவன் நான் என்று அவருக்குத் தெரியாது.

"நல்லா எழுதுங்கண்ணே. ஒரு தடவகூட அவரு நேர்மையா தோத்ததில்ல. அந்தப் பாவி சபதம் போட்டுல்ல முறிச்சான்? பதினேழு தைப்பூசம் பத்துமலைக்கு நடந்தேன். எனக்குன்னு ஒண்ணும் கேக்கல. முருகா, அந்தக் கை வெளங்காமப் போகணும், அவ்ளோதான்." குரலைத் தாழ்த்தினார். "இப்ப கேள்விப்பட்டேன். வலது கையாம்லா. சோத்தக்கூட அள்ள முடியலியாம். இந்தத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்துட்டு வந்துட்டேன். சாமி இருக்குலா அண்ணே."

"அக்கா, அந்த நோட்டீசு வந்து…" என்றேன்.

"சொல்லுங்க."

"…இன்னும் வச்சிருக்கீங்களா?" என்று முடித்தேன். நான் கோழை. ஆனால் அதைவிட, அவருக்காகப் பயமாக இருந்தது. சொன்னால் அவர் கணவன் தோற்பார். பதினேழு வருட வேண்டுதல் ஒரு நிரபராதியின் மேல் விட்ட சாபமாகும். இதெல்லாம் ஒரு மைலோ ஆறுவதற்குள் அந்த அம்மாளுக்கு நடக்க வேண்டும்.

7

நேற்று மாலை பண்டமாரானுக்குப் போனேன். வேலாயுதம் சாய்வு நாற்காலியில் இருந்து என் முகத்தையே பார்த்தார்.

"சொல்லிட்டேண்ணே" என்றேன். "அவங்க அழுதாங்க. கோபம் இல்லன்னாங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாக்கியம் நிமிர்ந்து நிற்கவில்லை. ஆகவே சேர்த்தேன்: "'பழச விடுங்க, அவர ஒரு நாளு வந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க'ன்னாங்க."

வேலாயுதம் இடது கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு உள்ளே பார்த்துக் கத்தினார்: "கலா! நாளைக்கு டாக்சி சொல்லு! புஷ்பா கூப்பிட்டுருக்கா!" மகள் சந்திரகலா ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இத்தன வருசத்துல அப்பா இப்படிப் பேசிக் கேட்டதில்ல அங்கிள். நீங்க நல்லாருக்கணும்."

இப்போது 1994 மார்ச், சனிக்கிழமை, காலை ஒன்பதே முக்கால். வேலாயுதத்தின் வீட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். டாக்சி பத்து மணிக்கு. இன்று பள்ளி விடுமுறை, புஷ்பவல்லி வீட்டில்தான் இருப்பார். வேலாயுதம் இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, மடியில் ஒரு பை ஆப்பிளோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். விழுந்த கையைக் கால்சட்டைப் பைக்குள் செருகிவிடச் சொல்லியிருக்கிறார். அதைப் பார்த்துப் புஷ்பவல்லி சங்கடப்படக்கூடாதாம்.

மூன்று முடிவுகள் யோசித்தேன். டாக்சி வராமல் இருப்பது. [வரும். சந்திரகலா இரண்டு முறை போன் செய்துவிட்டார்.] நான் இப்போதே இவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது. [முகத்தைப் பார்த்துக்கொண்டு எழுதிப் பாருங்கள், தெரியும்.] முன்னால் இறங்கி ஓடிப்போய், புஷ்பவல்லியிடம் எல்லாவற்றையும் இரண்டு நிமிடத்தில்… அந்த வாக்கியம் எனக்கு முடியவில்லை.

இருவருக்கும் நடுவில் நின்று எழுதியே கெடுத்தவன் நான். இனி ஒரு வரி எழுதினால் அதுவும் எவர் மேலாவது விழும். ஆகவே எழுதப்போவதில்லை. நீங்கள் இரண்டு வீட்டுக்குள்ளும் போய் வந்தவர்கள்.

டாக்சி திரும்புகிறது. வேலாயுதம் என் முழங்கையைத் தொட்டு மெல்லக் கேட்கிறார்:

"தம்பி, ஒரு சந்தேகம். உள்ள போனதும் அவள என்னான்னு கூப்பிடறது? தங்கச்சின்னு கூப்பிடலாமா?"

அவருக்கு ஒரு பதில் சொல்லுங்கள்.