காயாத சட்டை

பாய்லர் குழாயின் உட்புறம் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக இருந்தது. ஒரு குழி துளைத்துக்கொண்டு போயிருந்தது. மட்டாஞ்சேரி எண்ணெய் மில் அன்று நின்றுபோனது.

"இது எந்தா சலாவுதீன்? புதுக் குழாய் இப்படியா அரிக்கும்?" என்றார் மேனேஜர் கல்யாணராமன்.

"வெந்நீர் உள்ளே போனா அரிக்காது சார். பச்சத் தண்ணியில காத்து கலந்திருக்கும். அதுதான் இரும்பத் தின்னும்."

அதற்காகத்தான் பாய்லருக்குப் போகும் நீரை முதலில் மேல் டாங்கில் கொதிக்கும் பதத்துக்குச் சூடாக்குவார்கள். காற்று குமிழியாகக் கிளம்பிப் போய்விடும். சூடாக்கப் பாய்லரின் நீராவியிலேயே கொஞ்சம் திருப்பிவிட வேண்டும். அந்த வால்வை மூடினால் செக்குப் பக்கம் நீராவி கூடும், விறகு மிச்சமாகும். மூடியது யார் என்பதுதான் இப்போது கேள்வி. மூடியவனுக்கு வேலை போகும்.

பகல் ஷிப்டு சலாவுதீனுடையது. இரவு ஷிப்டு தங்கை புருஷன் மஜீதுடையது. அவனை மில்லில் சேர்த்துவிட்டதே சலாவுதீன்தான். குறைந்த விறகில் நிறைய எண்ணெய் எடுக்கிறான் என்று மஜீதுக்கு மேனேஜரிடம் நல்ல பெயர்.

"நீ சொல்லு மஜீது."

மஜீது தரையைப் பார்த்தான். "மச்சானத்தான் கேக்கணும் சார். நான் வர்றப்ப டாங்கு ஆறிக் கெடக்கும். நான்தான் திறந்துவிடுவேன்."

சலாவுதீன் திரும்பி மஜீதின் முகத்தையே பார்த்தான். அவன் மறுக்காததையே மேனேஜர் ஒப்புதலாக எடுத்துக்கொண்டு, நாளை முதல் வர வேண்டாம் என்றார்.

சலாவுதீன் மழையில் நனைந்தபடி நேரே தங்கை வீட்டுக்குப் போனான். அடுப்புக்கு மேலே கொடியில் மஜீதின் சட்டைகள் சொட்டிக்கொண்டிருந்தன. மழைக்காலத்தில் பாய்லர்காரன் நனைந்து வந்தால் காக்கி உடுப்புக்கு மாறிக்கொண்டு ஈரச் சட்டையைச் சூடான டாங்கின் மேல் போடுவான். வீடு திரும்பும்போது அது அப்பளமாகக் காய்ந்திருக்கும். சலாவுதீன் வீட்டில் ஆடி மாதத்தில்கூடக் கொடி கட்டியதில்லை.

"வாங்கண்ணே, சாயா போடட்டா?" என்றாள் லதீஃபா.

"இதெல்லாம் ஏன் ஈரமாவே வீட்டுக்கு வருது?"

"டாங்குதான் சூடாவுறதில்லயே..." என்றவள் சட்டென்று நிறுத்தினாள்.

"உனக்குத் தெரியும்."

அவள் அடுப்பை ஊதினாள். புகையில் கண் கலங்கியதா, வேறு எதனாலாவதா, தெரியவில்லை. "உங்களுக்குக் களமசேரியில எந்தக் கம்பெனியிலும் வேலை கெடைக்கும் அண்ணே. இவருக்கு யாரு குடுப்பா? மில்லு நின்னதும் நான்தான் உங்க பேரச் சொல்லச் சொன்னேன்."

மஜீது சொன்னபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை.

"அந்தச் சட்டையத் தா. கல்யாணராமன் சார்கிட்டக் காட்டணும்."

லதீஃபா எழுந்து கொடியிலிருந்து சட்டைகளை எல்லாம் உருவி மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். தண்ணீர் அவள் ரவிக்கையை நனைத்து இறங்கியது. அவள் தரவில்லை.