வாசலுக்கு வந்த தட்டுகள்

நாகராஜ் பொய் சொல்லத் தெரியாதவன் இல்லை. துறைமுகத்துக்கு ஐஸ் வண்டி ஓட்டுகிறவனுக்கு அது தெரியாமல் பிழைப்பு நடக்காது. உப்பளம் பகுதியிலுள்ள தன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே "கிட்ட வந்துட்டேண்ணே" என்று போனில் சொல்வான். அந்தப் பொய்யெல்லாம் ஐஸோடு கரைந்துவிடும். மகள் விஷயத்தில் சொன்னதுதான் கரையவில்லை.

மகள் கவிநிலாவுக்குப் பன்னிரண்டு வயது. காலையில் ஓட்டம், சாயங்காலம் ஹேண்ட்பால். பள்ளிகளுக்கான போட்டியில் எண்ணூறு மீட்டரில் இரண்டாவதாக வந்த அன்றே நாகராஜின் ஆசைக்குக் கால் முளைத்துவிட்டது. மெடல், விளையாட்டு ஒதுக்கீடு, போலீஸ் வேலை. ஹேண்ட்பாலில் ஜெயித்தால் ஏழு பேர் பங்குக்கு நிற்பார்கள். ஓட்டத்தில் ஜெயித்தால் அவள் ஒருத்திதான். ஓட்டப் பயிற்சி கொடுப்பவரும் "இப்பவே ஒண்ணுல நிறுத்துங்க" என்று தூபம் போட்டார்.

மகளிடம் சொன்னால் அழுவாள். ஹேண்ட்பால் டீச்சர் அன்புசெல்வியோ, "பதினஞ்சு வயசு வரைக்கும் ரெண்டும் ஆடட்டும் சார், அப்புறம் எது வேணும்னு அவளே சொல்லுவா" என்று ஏற்கெனவே ஒருமுறை அவன் வாயை அடைத்தவர். அதனால் யாரும் மறுபேச்சுப் பேச முடியாத ஒரு காரணத்தைத் தேடிப் பிடித்தான்.

"பாப்பா பெரியவளாயிட்டா மிஸ். இனிமே ஆட வரமாட்டா. வீட்ல பெரியவங்க ஒத்துக்கல."

ஒத்துக்காத பெரியவர் என்று வீட்டில் இருந்தது அவன் ஒருவன்தான்.

மகளிடம் வேறு கதை. "ஒன் எடத்துல வேற பொண்ண போட்டுட்டாங்களாம். நீ வேணாம்னுட்டாங்க மிஸ்ஸு." கவி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மே மாத விடுமுறை. தோழிகளைப் பள்ளியில் பார்த்துக் கேட்கவும் வழியில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஹேண்ட்பாலுக்குப் பதில் சாயங்காலமும் ஓடப் போனாள். காரியம் முடிந்தது என்று நாகராஜ் காலை நீட்டிப் படுத்தான்.

பெண் பெரியவளானாள் என்று கேள்விப்பட்டால் அந்தப் பக்கத்தில் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள், தட்டெடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். சொந்த அக்காள் மகளுக்கு ஐஸ் வண்டியிலேயே இருபத்தோரு தட்டு ஏற்றிப் போனவன், இதை மறந்துபோனான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தார்கள். முன்னால் அன்புசெல்வி, பின்னால் ஒன்பது பெண் பிள்ளைகள், ஆளுக்கொரு தட்டு. பழம், பூ, மஞ்சள், வளையல், லட்டு. தெருவே எட்டிப் பார்த்தது.

"நீங்க கூப்புடல சார், எங்களுக்குத்தான் மனசு கேக்கல" என்றார் டீச்சர். "பொடவை எடுக்கலாம்னேன். இவளுங்க கேட்டாத்தான? ஜெர்சிதான் எடுக்கணும்னு நின்னாளுங்க."

கடைசித் தட்டில் நீல ஜெர்சி. முதுகில் கவிநிலா, ஏழு.

"இதுக்காவல்லாம் ஆட்டத்த நிறுத்தாதீங்க சார். உடம்பு சரியானதும் வரட்டும்."

அடுப்படியிலிருந்து கலையரசி ஈரக் கையோடு வந்தாள். தட்டுகளைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "இன்னாங்க இது? யாருக்கு?"

அவன் வாய் திறப்பதற்குள் கவியே வந்துவிட்டாள். கடற்கரையில் ஓடிவிட்டு, கால்சட்டையும் வியர்வையுமாக. டீச்சரைப் பார்த்ததும் அவள் முகம் வாடியது. "நீங்கதான மிஸ் என்னை வேணாம்னீங்க?"

"நான் எப்ப சொன்னேன்? நீ பெரியவளாயிட்டன்னு ஒங்கப்பாதான்..." டீச்சர் பாதியில் நிறுத்திவிட்டார்.

எதிர்வீட்டு ராஜாம்பாள் மாடியில் துணி எடுப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கவி தட்டுகளைப் பார்த்தாள். மஞ்சளையும் வளையலையும் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பனியனை இரண்டு கையாலும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். பன்னிரண்டு வருஷமாக அந்தத் தெருவில் எப்படி வேண்டுமானாலும் ஓடித் திரிந்த பிள்ளை, முதல்முறையாகத் தன் உடம்பை ஒளிக்க இடம் தேடியது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாகராஜுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. "நான்தான் பொய் சொன்னேன் மிஸ்" என்றான். "ஓட்டத்துல மட்டும் நிக்கட்டும்னு." கலையரசி ஜெர்சியை மட்டும் எடுத்துக்கொண்டு மகளிடம் போனாள்.

மறுநாள் மைதானத்துக்குப் போய் ஒன்பது பிள்ளைகளிடமும் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டான். அடுத்த வாரத்திலிருந்து கவி இரண்டுக்கும் போனாள். அவனிடம் கோபித்துக்கொள்ளவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், சோறு போட்டாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட அவனுக்கு ஆறியிருக்கும்.

தை மாதம் ஒரு நாள், முந்தின நாள் மதியம் வண்டி எடுத்துப் போனவன் ஐஸ் இறக்கிவிட்டுக் காலையில்தான் வீடு திரும்பினான். கூடத்து மூலையில் மகள் தனிப் பாயில், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தனித் தட்டு, தனி டம்ளர். நீல ஜெர்சி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அவனைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எப்போ?" என்று கலையரசியை வாசலுக்கு அழைத்துக் கேட்டான்.

"நேத்து சாயங்காலம். மைதானத்துல. மிஸ்தான் கூட்டியாந்து உட்டாங்க."

"நேத்தே எனக்கு ஏன் ஒரு போன் போடல?"

"போடத்தான் போனேன். அவதான் வேணாம்னா." கலையரசி குரலைத் தாழ்த்தினாள். "அப்பாவுக்கு எதுக்கும்மா சொல்ற, அவருதான் மே மாசமே ஊருக்கெல்லாம் சொல்லிட்டாரேன்னா."

நாகராஜ் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். சொந்த வீட்டுக்குள் போக அவனுக்குக் கூசியது.