நாலு விரல் நூல்

அந்தத் தையல் கூடத்தின் பின்னறையில் உட்கார்ந்திருந்த ஆறு பெண்களுக்கும் நாற்பது தாண்டிவிட்டது. ஆறு பேரில் ஊசிக்காது தெரிவது தனக்கு மட்டும்தான் என்பதில் கழுகக்காவுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. பட்டப்பெயர் வந்ததே அதனால்தான். கழுகுக்கண் அக்கா என்று ஆரம்பித்து, அவ்வளவு நீளமாகக் கூப்பிட யாருக்கும் பொறுமையில்லாமல் கழுகக்கா ஆகிவிட்டது. வயது ஐம்பத்தாறு. ஊசியை மூக்கு நுனியருகே பிடிப்பாள், நூல் முனையை நாக்கில் தொடுவாள், ஒரே குத்து. நூல் அந்தப் பக்கம் வந்து நிற்கும்.

முன்கூடத்தில் பன்னிரண்டு மெஷின்கள் ஓடும். பின்னறைக்காரிகளுக்குக் கைவேலை. பொத்தான், கொக்கி, ஓரம் மடித்துத் தைப்பது. மருத்துவமனைக் கோட்டோ பள்ளிச் சீருடையோ, எதுவானாலும் கடைசியில் இவர்கள் கையில் விழுந்துதான் வெளியே போகும். காலையில் வந்ததும் கழுகக்காவின் முதல் வேலை நூறு ஊசி கோப்பது. மற்ற ஐவருக்கும் ஆளுக்கு இருபது. அவரவர் பஞ்சுத் திண்டில் குத்தி வைத்துவிட்டால் அன்றைய பொழுது ஓடிவிடும். நூல் ஏறிய பிறகு பொத்தான் தைக்கக் கண் அவ்வளவாக வேண்டாம், பழகிய விரலுக்கு வழி தெரியும்.

அந்த அரைமணி நேரம் ஐந்து பேரும் அவளைச் சுற்றி நின்று கெஞ்சுவார்கள். வெளியே சலித்துக்கொள்வாளே தவிர, உள்ளுக்குள் அவளுக்கு அது அத்தனை பிடிக்கும். நான் ஒருநாள் வராவிட்டால் உங்கள் பிழைப்பு நாறிப்போகும் என்பாள். ஆமாம் அக்கா என்பார்கள். அந்த ஆமாமுக்காகக் காய்ச்சலோடுகூட வேலைக்கு வந்திருக்கிறாள்.

மாதம் ஒருமுறை கடைத்தெரு முனையில் கண் பரிசோதனை வேன் வந்து நிற்கும். காலை பத்திலிருந்து மாலை நாலு வரை. பத்திலிருந்து நாலு வரை சும்மா இருப்பவர்கள் யார்? கண்ணைக் கெடுத்துக்கொண்டு உழைக்கிறவர்கள் எல்லாம் அந்த நேரத்தில் வேலையில் அல்லவா இருப்பார்கள்? நேரம் குறித்த புண்ணியவானுக்கு அது தோன்றவில்லை. கூடத்தை மேய்க்கும் கட்டிங் மாஸ்டரிடம் கேட்டதற்கு, ஆறு பேரும் போனால் ஆர்டர் என்ன ஆவது, வேண்டுமானால் ஒருத்தி போய்வரட்டும், அதுவும் இரண்டு மணி நேரம்தான் என்று சொல்லிவிட்டார்.

ஒருத்தி போய் ஐந்து பேர் கண்ணை எப்படிக் காட்டுவது? வேறு யாராயிருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். இவர்கள் தையல்காரிகள் ஆயிற்றே. நேரில் வர முடியாதவர் அளவுச் சட்டை கொடுத்தனுப்புவதை நித்தம் பார்க்கிறவர்கள். சட்டைக்கு அளவு உண்டென்றால் கண்ணுக்கு இல்லாமலா போகும்? இந்த அரிய யோசனையைச் சொன்னவள் வாயாடி. பதினோரு வருஷமாகக் கழுகக்காவின் பக்கத்து இடம் அவளுடையது. தூக்கத்தில் மட்டும் வாய் மூடுவாள் என்று சொல்வார்கள், அதையும் அவள் புருஷன் ஒப்புக்கொள்வதில்லை.

ஒவ்வொருத்தியும் ஊசியைக் கையில் பிடித்து, காது தெளிவாகத் தெரிகிற வரைக்கும் தள்ளித் தள்ளிக் கொண்டுபோனாள். மூக்கிலிருந்து ஊசி வரைக்கும் நூல் பிடித்து இன்னொருத்தி வெட்டினாள். ஆளுக்கு ஆள் அடையாளம் தெரிய ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு என்று ஐந்து வரைக்கும் போட்டார்கள். வாயாடியின் நூல்தான் நீளம். இன்னும் கொஞ்சம் போனால் கையை வாடகைக்கு எடுக்க வேண்டும் போலிருந்தது. கொண்டுபோகிற பொறுப்பு கழுகக்காவுக்கு வந்தது. கண்ணாடியே தேவைப்படாதவள் போனால்தான் தன் கதையை அளந்துகொண்டிருக்காமல் நம் வேலையை முடித்து வருவாள் என்று கணக்குப் போட்டார்கள்.

வேனில் பரிசோதனை செய்த பெண்ணுக்கு முப்பதுக்குள் இருக்கும். எல்லோரும் டாக்டரம்மா என்றார்கள். டாக்டர் இல்லை என்று அவள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். மேஜையில் ஐந்து நூலையும் வரிசையாகப் பரப்பினாள் கழுகக்கா.

"இது என்னம்மா?"

"அளவு. அஞ்சு பேருக்கு. முடிச்சை எண்ணி ஆளுக்கொரு கண்ணாடி போட்டு வச்சிடு கண்ணு. சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்."

அந்தப் பெண் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். ஆனால் நூல்களைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. ஸ்கேலை வைத்து ஒவ்வொன்றாக அளந்து குறித்துக்கொண்டாள். அளவு எடுத்த விதத்தில் தப்பில்லை என்றும், நூலை மட்டும் பார்த்துக் கண்ணாடி கொடுக்க முடியாது, கண்ணுக்குள்ளும் பார்க்க வேண்டும் என்றும் சொன்னாள். மாஸ்டர் சம்மதித்தால் அடுத்த வாரம் சாப்பாட்டு இடைவேளையில் பெட்டியோடு தானே கூடத்துக்கு வருகிறேன் என்றாள். அதைச் சொல்லிவிட்டு, உங்கள் நூல் எங்கே என்று கேட்டாள்.

கழுகக்காவுக்கு வாய் நிறையச் சொல்ல விஷயம் இருந்தது. தனக்கும் நாற்பத்தைந்தில் எல்லோரையும் போல மங்கியதாம். மூன்று வருஷத்துக்கு முன் மருந்து மாயம் ஒன்றுமில்லாமல் தானாகவே பார்வை திரும்பி வந்துவிட்டதாம். கூடத்துக்கே இப்போது தன் கண்தானாம். கேட்கக் கேட்க அந்தப் பெண்ணின் முகத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. ஒரு ஊசியைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள். மூக்குக்கும் ஊசிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அதே அளவுக்கு ஒரு நூலை வெட்டி, மற்ற ஐந்துக்கும் பக்கத்தில் வைத்தாள். பார்க்கவே பாவமாயிருந்தது அது.

பிறகு எதிரே மாட்டியிருந்த அட்டையைப் பார்க்கச் சொன்னாள். முதல் வரி தெரிந்தது. இரண்டாவது வரியில் கழுகக்கா வெளிச்சத்தைக் குறை சொன்னாள். மூன்றாவதில் அட்டையைக் குறை சொன்னாள். சொல்லப்போனால் இந்த மூன்று வருஷமாகவே அவள் அப்படித்தான். பஸ்ஸில் நம்பர் தெரியாவிட்டால் பெயின்ட் அடித்தவனைத் திட்டினாள்.

"புரை விழுந்திருக்கும்மா, ரெண்டு கண்ணுலயும். அதனாலதான் கிட்டத்துல தெளிவாத் தெரியுது. கொஞ்ச நாள்ல அதுவும் போயிடும். ஆபரேஷன் பண்ணினா தூரம் நல்லாத் தெரியும்."

"அப்போ ஊசி?"

"அதுக்குக் கண்ணாடி போட்டுக்கணும். எல்லாரும் போடுற மாதிரி."

ஆபரேஷன் என்றது அவளை அவ்வளவாக உலுக்கவில்லை. எல்லாரும் போடுற மாதிரி என்றதுதான் சுருக்கென்று தைத்தது. ஊசி கோக்காத கழுகக்காவை யார் சுற்றி நிற்பார்கள்? ஆபரேஷனுக்கு அந்தப் பெண் எழுதிக்கொடுத்த சீட்டை மடித்து மணிபர்ஸுக்குள் திணித்தாள். கூடத்துக்குத் திரும்பியதும், உங்களைப் பார்க்க ஆள் வருகிறது, என் கண்ணுக்கு ஒரு குறையுமில்லை என்றாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பார்களே, அந்தப் பூனைக்கும் இவளுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

அடுத்த வாரம் அந்தப் பெண் சொன்னபடியே வந்தாள். ஐந்து பேரையும் பார்த்தாள். மேற்பார்வை பார்க்க வந்து நின்ற மாஸ்டரையும் பிடித்து உட்கார வைத்தாள். அவருக்கும் கண்ணாடி தேவை என்று தெரிந்ததும் பின்னறையில் கிளம்பிய சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. கிளம்பும்போது கழுகக்காவைத் தனியே கூப்பிட்டு, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டாள். பார்க்கலாம் என்றாள் கழுகக்கா. பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பத்து நாளில் கண்ணாடிகள் வந்தன. ஐந்து பேருக்கும் தலைகால் புரியவில்லை. தன் கையைப் பார்த்தே ஒருத்தி, ஐயோ இவ்வளவு சுருக்கமா என்று பயந்தாள். வாயாடி முதல் ஊசியைத் தானே கோத்துவிட்டு, அதை எல்லோர் முகத்துக்கும் நேரே கொண்டுபோய்க் காட்டினாள். அன்றைக்குக் கழுகக்காவைச் சுற்றி யாரும் நிற்கவில்லை. அவளும் சிரித்தபடிதான் இருந்தாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள். குடம் நிரம்பி வழிந்த பிறகும் குழாயடியில் வெகுநேரம் நின்றாள். பொறாமை என்று சொல்ல முடியாது. அநாதரவாக இருந்தது, அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது பின்னறை வழக்கத்துக்கு விரோதமாக அமைதியாயிருந்தது. வாயாடிகூடப் பேசவில்லை. ஐந்து பேரும் தலையைக் குனிந்து, தைத்து அடுக்கியிருந்த வெள்ளைக் கோட்டுகளிலிருந்து பொத்தான்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இவளைக் கண்டதும் ஆளுக்கொரு கோட்டை மடிக்கு அடியில் மறைத்தார்கள். அத்தனை பெரிய குவியலை எந்த மடி மறைக்கும்?

கழுகக்கா ஒரு கோட்டை உருவியெடுத்து மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். வெள்ளைத் துணி, வெள்ளை நூல். இதில் என்ன குறை கண்டுபிடித்து விட்டீர்கள் என்று கேட்டாள். வாயாடி தன் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"சந்தனக் கலர்க்கா. ரொம்ப நாளாவே வெள்ளை நூல்னு நினைச்சு நீ சந்தனக் கலர்தான் கோத்துக் குடுத்திருக்கே. எங்களுக்கும்தானே தெரியல."

அவள் திட்டியிருந்தால் கழுகக்கா பதிலுக்கு இரண்டு மடங்கு திட்டியிருப்பாள். அந்தக் குரலில் கோபம் இல்லை. தன் மனசு நோகக் கூடாது என்று ஐந்து பேரும் சத்தம் போடாமல் நாற்பது கோட்டைப் பிரிக்க உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது புரிந்தபோது அவளுக்கு வெட்கமாயிருந்தது. இதுகளைப் போய் ஊசிக்காக ஒட்டிக்கொண்டிருக்கிற கூட்டம் என்று நினைத்தோமே என்றும் இருந்தது. மணிபர்ஸைத் திறந்து சீட்டை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"எனக்கு ஆபரேஷன் பண்ணணுமாம். அன்னைக்கே சொல்லிட்டாங்க. நான்தான் மறைச்சுட்டேன்."

அதற்கப்புறம் வாயாடி வாயைத் திறந்தாள் பாருங்கள், மாலை வரைக்கும் மூடவில்லை. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று தொடங்கி, கழுகக்காவின் ஏழு தலைமுறையையும் இழுத்துவிட்டாள். இடையிடையே கண்ணையும் துடைத்துக்கொண்டாள். மறுநாளே மாஸ்டரிடம் போய் லீவு வாங்கியவளும் அவள்தான்.

முதலில் வலது கண், இரண்டு வாரம் கழித்து இடது. கழுகக்காவின் புருஷன் பம்ப் ரிப்பேர் செய்கிறவர், கையில் எப்போதும் கிரீஸ். அந்த மனுஷன் சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவிவிட்டு, போனில் அலாரம் வைத்து வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் தன் பெண்டாட்டியின் முகத்தை அவர் அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு நேரம் பார்த்தது அப்போதுதான். கட்டுப் பிரித்த அன்று ஆஸ்பத்திரி ஜன்னல் வழியே எதிர்க்கட்டிடத்தில் காயப்போட்ட துணிகளை அவளால் எண்ண முடிந்தது. வெள்ளை அவ்வளவு வெள்ளையாக இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. வாய்விட்டுச் சிரித்தாள்.

மூன்று வாரம் கழித்து வேலைக்குப் போனாள். கிட்டத்துக் கண்ணாடி வர இன்னும் பத்து நாளாகும். அவள் பயந்தது எல்லாம் அந்தப் பத்து நாளுக்குத்தான். ஊசியை எங்கே வைத்துப் பார்த்தாலும் காது தெரியவில்லை. வாயாடி தன் கண்ணாடியை நீட்டினாள். அடுத்தவர் கண்ணாடி போடக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றாள் கழுகக்கா. எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. கோத்துக் கொடு என்று கேட்கத்தான் வாய் வரவில்லை. இத்தனை வருஷமாகக் கொடுத்தே பழகிய கை, நீட்டத் தெரியவில்லை. பொத்தான்களை நிறம் பிரித்தாள், கோட்டுகளை மடித்து அடுக்கினாள், பெருக்கிய இடத்தையே திரும்பப் பெருக்கினாள். ஐந்து நாள் இப்படியே ஓடியது. ஒருத்தியும் ஏனென்று கேட்கவில்லை.

ஆறாம் நாள் மடிப்பதற்கும் பெருக்குவதற்கும் எதுவும் மிச்சமில்லை. வெறுங்கையோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு வாயாடியின் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"எனக்கு ஒரு ஊசி கோத்துக் குடேன்."

வாயாடி குனிந்து, மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பஞ்சுத் திண்டை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். அதில் நூல் கோத்த இருபது ஊசிகள் குத்தியிருந்தன.

"நீ வந்த அன்னைக்கே கோத்து வச்சுட்டேன்க்கா. நீயா கேக்கட்டும்னு இருந்தேன்."

கழுகக்கா ஒரு ஊசியை உருவி, விரலால் நூலின் முனையைத் தடவித் தேடி முடிச்சுப் போட்டாள். பிறகு ஒரு கோட்டை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு பொத்தான் தைக்க ஆரம்பித்தாள்.