கடைசி நிறுத்தம் பாரிமுனை

"ஏம்ப்பா, பட்டணத்துல நம்ம ஊரு எது?" என்று சங்கவி ஒருநாள் கேட்டாள். ஆறு வயது. நெஞ்சில் ஓட்டை என்று டாக்டர்கள் சொன்ன பிறகு ஓடியாடுவதை விட்டுவிட்டுக் கேள்விகளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். திண்டிவனத்தை அடுத்த பிரம்மதேசத்தில் வீடு இருப்பதுபோல, சென்னைக்குள்ளும் தங்களுக்கென்று ஓர் ஊர் இருக்கும் என்பது அவள் நினைப்பு.

பச்சைமுத்து யோசிக்கவே இல்லை. "பாரிஸ்தாம்மா நம்ம ஊரு" என்றார்.

பாரிமுனையைத்தான் அந்தப் பக்கத்து ஜனங்கள் பாரிஸ் என்பார்கள். வாலிபத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையோடு அங்கே போய் வந்தவர் அவர். திண்டிவனத்தில் பஸ் ஏறினால் கடைசியாக நிற்கிற இடம் பாரிஸ். இறங்கி எதிர்ச் சந்தில் நுழைந்தால் லாட்ஜ். அவ்வளவுதான் அவர் அறிந்த பட்டணம். ஏழெட்டு வருஷமாக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்பதை அவர் ஒரு குறையாக நினைக்கவில்லை. கோட்டையும் கடலும் எழுந்து நடந்துவிடுமா என்ன?

எழும்பூர் ரயிலில் கொண்டுபோய்ச் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது, 2003ஆம் வருஷம் மாசி மாதத்தில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள். எங்கே தங்குவது என்பதில் மனைவி வடிவுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை.

"எங்க கிருஷ்ணவேணி அக்கா தாம்பரத்துலதான கீது? வூட்டோட இருந்தா கொழந்தைக்குக் கஞ்சி காச்சலாம். லாட்ஜுல எவன் அடுப்பு குடுப்பான்?"

"தாம்பரம் எங்க, ஆஸ்பத்திரி எங்க? பாரிஸ்ல இருந்து பொடிநடை."

"உனக்கு பாரிஸ உட்டா பட்டணமே கெடையாதுய்யா. உன்ன அங்கியே பெத்துப் போட்டாங்களா?"

"ரத்தம் குடுக்க வர்றவங்க எங்க வந்து சேருவாங்க? அத்த யோசி."

வடிவு லாட்ஜுக்கே ஒத்துக்கொண்டாள். மூன்று பேர் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். எந்தப் பிரிவானாலும் சரி. வாங்கி வைத்துக்கொண்டு, குழந்தைக்குச் சேர்கிறதை அவர்கள் தருவார்கள். புதன்கிழமை காலை பத்து மணிக்குள் ரத்தம் வராவிட்டால் அந்த நாள் அடுத்த குழந்தைக்குப் போய்விடும். மறுபடி இடம் கிடைக்க மூன்று மாதம். "அதுவரைக்கும் தாங்கும்னு என்னால சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டர்.

ரத்தம் கொடுத்தால் ஏர் பிடிக்கத் தெம்பிருக்காது என்று ஊரில் பலரும் பின்வாங்கினார்கள். பச்சைமுத்துவின் தம்பி சீனுவாசனும் பக்கத்துக் கொல்லை வெற்றிச்செல்வனும் மட்டும் சரி என்றார்கள். இருவரும் பட்டணம் பார்க்காதவர்கள். பச்சைமுத்து அவர்களுக்கு மூன்று தடவை சொன்னார்.

"நடுவுல எவன் எறங்கச் சொன்னாலும் எறங்காதீங்க. கடைசியா நிக்கிற எடம்தான் பாரிஸ். எதுருல ஒரு சந்து இருக்கும். நான் அங்கியே நிப்பேன்."

விபூதி வாங்குவதுபோல் இருவரும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்கள்.

பஸ்ஸின் குலுக்கல் குழந்தைக்கு ஆகாது என்பதால் இவர்கள் முந்தின நாளே ரயிலில் எழும்பூர் போய், நேராக ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பச்சைமுத்து தன் பங்கு ரத்தத்தைக் கொடுத்தார். வடிவு குழந்தையோடு இருக்க, இவர் லாட்ஜில் படுத்தெழுந்து விடிந்ததும் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றார். முதல் வண்டி பிடித்தால் ஏழரைக்கு வந்துவிடலாம்.

ஏழரை ஆயிற்று. எட்டாயிற்று. வந்ததெல்லாம் டவுன் பஸ். பெரம்பூர், திருவொற்றியூர், அண்ணா நகர். ஒவ்வொரு வண்டிக்கும் ஓடிப்போய்ப் பார்த்துத் திரும்பினார். எட்டரைக்கு அவர் மனசு கெட்டுவிட்டது. 'பயந்துக்கினு வூட்லயே பட்த்துட்டானா? கூடப் பொறந்தவனே கழுத்தறுத்துட்டானே' என்று தம்பியைச் சபித்தார். ஈஸ்வரனையும் விடவில்லை. 'உனக்குக் கண்ணில்லையா?' என்று தெருவிலேயே நின்று கேட்டார்.

ஒன்பதுக்கு, நடைபாதையில் இட்லி விற்றுக்கொண்டிருந்த சவுரியம்மாளிடம் போனார். "திண்டிவனம் வண்டி இன்னும் வரலியேம்மா?"

"இன்னாது? வெளியூரு வண்டியெல்லாம் கோயம்பேட்டுக்குப் போயி மூணு மாசம் ஆவுது. நீ இன்னா நைனா, இத்தினி நாளு தூங்கிக்கினு இருந்தியா?"

சிரித்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பச்சைமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கடைசியாக நிற்கிற இடத்தில் அவர்கள் சரியாகத்தான் இறங்கியிருப்பார்கள். போய் அழைத்துவர இரண்டு மணி நேரம் வேண்டும். தலையில் அடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

"என் ரத்தம் ஒதவாது நைனா. சக்கர நோவு. பாயசம்தான் வெக்கலாம்" என்றவள், டீ குடித்துக்கொண்டிருந்த, மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்காரனைப் பார்த்துக் கத்தினாள். "யோவ் தாடி! இவுரு கொழந்தைக்கு ரத்தம் வோணுமாம். நேத்து குட்ச்சியா?"

"நேத்து செவ்வாக்கெழம அக்கா. அந்தோணியாரு கோயிலுக்குப் போற நாளு, தொட மாட்டேன்" என்றான் தாடி. டீயைக் கீழே ஊற்றினான். "ஏறு பெருசு. ஜல்தி."

ஆஸ்பத்திரிக்கு ஒன்பதரைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தான். ரத்தம் கொடுத்தான். இன்னும் ஒருவர் குறைந்தது. மணி பத்தாகப் பத்து நிமிஷம். பச்சைமுத்து நர்ஸ் இருதயமேரியைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ரெண்டு பேரு கோயம்பேட்டுல நிக்கிறாங்க சிஸ்டர். தப்பு என்னுது. கொழந்தைய அனுப்பிடாதீங்க."

அவள் உள்ளே போய்த் திரும்பி வந்தாள். "மத்தியானத்துக்குள்ள வந்துடணும்னு வாக்குக் குடுத்துட்டேன். என் பேரக் காப்பாத்துங்க ஐயா."

சங்கவியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பச்சைமுத்து கோயம்பேட்டுக்கு ஓடினார். அவ்வளவு பெரிய பஸ் நிலையத்தில் எங்கே தேடுவது என்று கலங்கிக்கொண்டே போனவர், திண்டிவனம் வண்டி நிற்கிற இடத்திலேயே இருவரையும் கண்டார். டீகூடக் குடிக்கவில்லை. தம்பியின் கண் சிவந்திருந்தது.

"எதுருல சந்தே இல்லியேண்ணே. நீ நிக்கச் சொன்ன எடத்த உட்டு எப்பிடி நவுர்றது? கொழந்தைக்கு நேரமாயிப் போச்சாண்ணே?"

"நீ சரியாத்தான்டா வந்த" என்றார் பச்சைமுத்து. இருவர் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

மத்தியானத்துக்குள் அவர்கள் கொடுத்தார்கள். இருதயமேரியின் பேர் நின்றது. குழந்தையும் பிழைத்தது. தாடியைத் தேடினால், ஆளில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த பிஸ்கட்டை வடிவின் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டானாம். அடுத்த தடவை சென்னைக்குப் போனபோது சவுரியம்மாளிடம் விசாரித்தார். காசிமேட்டுப் பக்கம் போய்விட்டான் என்றாள். நிஜப் பேர் அவளுக்கும் தெரியவில்லை.

எட்டு வருஷம் கழித்து, பட்டா விஷயமாக விழுப்புரம் போயிருந்தபோது, வேலை முடிந்து நடந்த பச்சைமுத்து அரசு ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். ஒரு கிழவர் மரத்தடியில் உட்கார்ந்து, வருகிற போகிறவர்கள் கையையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தம் தேடுகிறவரின் அந்தப் பார்வை பச்சைமுத்துவுக்குத் தெரியும். அவரிடம் ஒன்றும் பேசாமல் உள்ளே போனார்.

"யாருக்குங்க?" என்று கேட்டார் ரத்த வங்கி ஊழியர்.

"யாருக்கு வோணுமோ அவங்களுக்கு."

குழாயைப் பொருத்திவிட்டு ஊழியர் அடுத்த அறைக்குப் போனார். யாருமில்லை. பை மெள்ள நிறைந்துகொண்டிருந்தது. பச்சைமுத்து கண்ணை மூடிக்கொண்டார். பேர் தெரியாத அந்த மனுஷனை ஈஸ்வரனிடம் எப்படிச் சொல்வது என்று பார்த்தார். பிறகு 'உனக்குத் தெரியும்' என்று மட்டும் சொன்னார்.

வீட்டில், ஏன் இவ்வளவு நேரம் என்று வடிவு கேட்டாள். முழுக்கைச் சட்டையை மடித்துவிடாமல், பஸ் கிடைக்கவில்லை என்றார்.