டிராக்டர் பின்னால் இருநூறு கொக்கு

விடிஞ்சு ஒரு மணி நேரம்கூட ஆகல, ரன்வே ஓரத்துல இருநூறு கொக்கு. நான் ஒண்ணும் கூட்டிச் சொல்லல, எண்ணுறதும் என் வேலைதான். விமான நிலையத்துல பறவை விரட்டுறவ நான். பத்து வருஷமா ஒரு மஞ்சள் ஜீப்பு, ஒரு சைரன், சத்தம் மட்டும் போடுற ஒரு துப்பாக்கி. இன்ஜினுக்குள்ள ஒரு கொக்கு போனாலே பெரிய வம்பு. அதனால கொக்கைப் பார்த்து "ஆகா, என்ன வெள்ளை!"ன்னு ரசிக்கிற கொடுப்பினையெல்லாம் எனக்குக் கிடையாது.

அந்த மாசம் நேரமே சரியில்ல. பறவைங்களால இறங்க முடியாம ரெண்டு விமானம் பக்கத்து ஊருக்குப் போயிடுச்சு. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "மூணாவதா ஒண்ணு திரும்புச்சுன்னா நீங்க ரன்வே பக்கமே வர வேண்டாம். பெட்டி வாங்குற கவுன்ட்டர்ல உக்காந்துக்குங்க"ன்னு சொல்லிட்டார். நாலு சுவத்துக்குள்ள உக்காந்து பெட்டிக்குச் சீட்டு ஒட்டணுமாம், நான்! நினைச்சாலே மூச்சு முட்டுச்சு.

சைரனை அலற விட்டேன். கொக்கெல்லாம் எழும்புச்சு, ஒரு வட்டம் அடிச்சுச்சு, பழைய இடத்துலயே வந்து உக்காந்துச்சு. அடுத்த விமானம் வர இருபத்தஞ்சு நிமிஷம்தான் இருந்துச்சு.

ஜீப்பை விட்டு இறங்கிக் காலை வச்சப்பதான் பார்த்தேன், புல்லு மொட்டை! எப்பவும் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் விட்டு வச்சிருப்போம். உசரமான புல்லுல கொக்குக்கு நடக்கவும் தோதா இருக்காது, பூச்சியும் கண்ணுல படாது. ஒட்ட வெட்டிட்டா போச்சு, பூச்சியெல்லாம் வெட்ட வெளியில கிடக்கும். இந்தக் காரியத்தைப் பண்ணுனது யாருன்னு விசாரிக்கவே வேண்டியதில்ல. புல்லு வெட்டுறது என் வீட்டுக்காரர். ரெண்டு மாசம் முன்ன வரைக்கும் ஒரு விளையாட்டு மைதானத்துல வேலை பார்த்தார், நான்தான் சிபாரிசு பண்ணி இங்க சேத்துவிட்டேன். என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேன்.

மனுஷன் ஷெட்டுல இருந்து சிரிச்ச முகமா வந்தார். "எப்படி? கம்பளம் விரிச்ச மாதிரி இல்ல?"

"கம்பளமா? இருநூறு பேருக்கு விருந்து வச்சிருக்கீங்க! புல்லை ஒட்ட வெட்டாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, காதுல வாங்குனீங்களா?"

அவர் முகம் சுண்டிப் போச்சு. "நீதானே மூணு நாளாப் புலம்புன? ஆள்காட்டிக் குருவி எங்கயோ கூடு கட்டியிருக்கு, இந்தப் புல்லுல கண்ணே தெரியலன்னு? நீ குனிஞ்சு குனிஞ்சு தேடுறதைப் பார்க்க முடியல. அதான்..."

இப்படி ஒரு மனுஷனை என்ன செய்யுறது? கோவமும் வருது, கண்ணும் கலங்குது.

"வலை போட்டுப் பிடிச்சா என்ன?"ன்னார்.

"ஆமா, கொக்கு தலையில வெண்ணெய் வச்சும் பிடிக்கலாம். பேசாம இருங்க!"

"கோவிச்சுக்காதம்மா. நேத்து வெட்டுறப்ப என் டிராக்டர் பின்னாலயேதான் வந்துச்சுங்க. போ போன்னாலும் போகல."

எனக்குச் சுரீர்னுச்சு. டிராக்டர் ஓட ஓட வெட்டுக்கிளி துள்ளும், அதைக் கொத்தத்தான் பின்னாலயே நடந்திருக்குதுங்க. கொக்குக்கு ஒன்றே மதி. அதை விரட்டுனா திரும்பி வரும், கூப்பிட்டா? தண்ணித் தொட்டிக்கு அந்தப்பக்கம், ரன்வேக்கு ரொம்பத் தள்ளி, வெட்டாத புல்லு நிறைய இருந்துச்சு.

"ஏறுங்க டிராக்டர்ல!"ன்னேன்.

வாக்கி டாக்கியில கன்ட்ரோல் டவர் பொண்ணுகிட்ட அனுமதி கேட்டேன். "பன்னிரண்டு நிமிஷம் தரேன்க்கா. அதுக்கு மேல போனா விமானத்தைத் திருப்பி விட்டுடுவேன்"ன்னா.

அவர் தொட்டியைப் பார்த்து வெட்டிக்கிட்டே போனார். முதல்ல மூணு கொக்கு பின்னால ஓடுச்சு. இந்தப்பக்கம் நான் ஒரு வெடி வெடிச்சேன். எழும்புன கூட்டம் மேல இருந்து பார்த்துச்சு, மூணு பேர் அங்க வளைச்சுக் கட்டுறாங்க! மொத்தக் கூட்டமும் டிராக்டர் பின்னால போய் இறங்குச்சு. அவருக்குப் பெருமை தாங்கல, திரும்பி எனக்குக் கை காட்டுறார்.

"முன்னால பார்த்து ஓட்டுங்க!"ன்னு கத்துனேன்.

ஒரே ஒரு கிழட்டுக் கொக்கு மட்டும் ரன்வே ஓரத்துல அசையாம நின்னுச்சு. தொப்பியைக் கழட்டி ஆட்டிக்கிட்டு, "போய்த் தொலைடா மவராசா!"ன்னு துரத்துனேன். அதுவும் போச்சு. "சுத்தம்!"னு டவருக்குச் சொல்றப்ப ஒரு நிமிஷம் பாக்கி. விமானம் வந்து பூ மாதிரி இறங்குச்சு. நான் ஜீப்பை டிராக்டர் இருக்குற பக்கம் திருப்புனேன்.

மேனேஜர் நேரா தொட்டிப் பக்கம் வந்துட்டார். என் வீட்டுக்காரரால டிராக்டரை நிறுத்த முடியாது, நிறுத்துனா கூட்டம் திரும்பிடும். அதனால மேனேஜர் கூடவே நடந்துக்கிட்டு, கொக்குங்களுக்கு நடுவுல, கேள்வி கேட்டார்.

"ரன்வே ஓரத்துல புல்லை ஒட்ட வெட்டுனது யாரு?"

நான் பழியை என் மேல போட்டுக்கலாம்னு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவர் முந்திக்கிட்டார். "நான்தான் சார். இவளுக்குத் தெரியாது."

"இதுங்களை இங்க கூட்டிட்டு வந்தது?"

"அதுவும் நான்தான். யோசனை அவளோடது."

மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கிட்டு என் பக்கம் திரும்பினார். "இனிமே நீங்க கையெழுத்து போடாம இவர் ஒரு புல்லைத் தொடக் கூடாது. எழுதியே குடுத்துடுறேன்."

"அப்ப கவுன்ட்டர், சார்?"

"அங்க ஆள் இருக்கு. நீங்க ஜீப்பை எடுங்க."

"வீட்லயும் அவ உத்தரவுதான் சார்"னு டிராக்டர் மேல இருந்து குரல் வந்துச்சு.

புல்லு எவ்வளவு உசரம் இருக்கணும்னு முடிவு பண்ற உரிமையை என்கிட்ட குடுங்கன்னு மூணு வருஷமா மனு மேல மனு எழுதியிருக்கேன், ஒருத்தர் பிரிச்சுப் பார்த்ததில்ல. இந்த மனுஷன் பாசத்துல பண்ணுன ஒரு கூத்துல அது கைக்கு வந்துடுச்சு. இதை அவர்கிட்ட சொல்வேனா? சொன்னா தலைகால் புரியாது.

மேனேஜர் போனதும் அவர் மெதுவா கேட்டார். "ஏம்மா, நான் எப்ப நிறுத்துறது?"

அடுத்த விமானம் நாப்பது நிமிஷத்துல. அதுக்கப்புறம் இன்னொண்ணு. கொக்குங்க வயிறு நிறையுற மாதிரியே தெரியல.

"என் கையெழுத்து இல்லாம நிறுத்தக் கூடாது. ஓட்டுங்க"ன்னு சொல்லிட்டு, அவர் பக்கத்துல ஏறி உக்காந்துக்கிட்டேன்.